தங்க நானோத்துகள் கரைசல் திரிந்தால், செல்லில் ஒட்டாவிட்டால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

புற்றுநோய் செல்லைத் தேடிப்போய் ஒட்டி, அதைப் படத்தில் காட்டுவதற்கென்று தயாரிக்கும் தங்க நானோத்துகள் கரைசலில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகிறவைதான். "நேற்று சிவப்பாக இருந்தது, இன்று ஊதா." "சுழற்றியதும் அடியில் இறங்கிய பெல்லட் கலையவே மாட்டேன் என்கிறது." "எல்லா அளவீடும் சரி, செல்லில் மட்டும் ஒட்டவில்லை." ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் இதே கேள்விகளோடு வருவதால், அறிகுறியை வைத்துத் தேடும்படி எழுதிவைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் கீழே, காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும். பணமும் நாளும் பிடிப்பவை கடைசியில் வரும்.

இங்கே பேசுவது 15 முதல் 60 நானோமீட்டர் வரையுள்ள உருண்டைத் துகள்களைப் பற்றி. தங்க உப்பைச் சிட்ரேட்டால் துகளாக்கும் சிட்ரேட் முறையில் செய்து, மேலே பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீண்ட பாலிமர் இழை) பூசி, அதன்மேல், சில புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் இஜிஎஃப்ஆர் போன்ற ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஏற்றியவை. தண்டு வடிவத் துகளுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் துகள் "நிலையாக இருக்கிறது" என்று சொல்ல இரண்டு கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வர வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்கின்றனவா? (அப்படி ஒட்டிக் கொத்தாவதைத்தான் திரிதல் என்கிறேன்.) மேலே ஏற்றிய ஆன்டிபாடி இன்னும் அங்கேயே, வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா? சிவப்பு நிறம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நிறத்தைப் பார்த்த நிம்மதியில் எலிப் பரிசோதனை வரை போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் கீழே இரண்டாவது கேள்விக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்

ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு மில்லிலிட்டர் எடுத்துத் தனியாக வையுங்கள். சிட்ரேட் கரைசல், பெக் பூசியது, ஆன்டிபாடி ஏற்றியது, கழுவியது என்று எல்லாவற்றிலும் யுவி-விசிபிள் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கோடு) எடுத்து, 400 முதல் 800 நானோமீட்டர் வரை கோட்டைச் சேமித்துவையுங்கள். 15 நானோமீட்டர் துகளின் உச்சி 520 பக்கம் வரும், 60 நானோமீட்டர் துகளுக்கு 535 பக்கம் வரும். ஆன்டிபாடி ஏறினால் உச்சி சில நானோமீட்டர் வலப்பக்கம் நகர்வது இயல்பு. உச்சி அகன்று, 600 முதல் 700 வரையுள்ள பகுதி மேலே தூக்கினால் துகள்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன.

650-இல் உள்ள உறிஞ்சலை உச்சியில் உள்ள உறிஞ்சலால் வகுத்து வரும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்கு இன்னும் சிவப்பாகத் தெரியும்போதே இந்த எண் ஏறத் தொடங்கிவிடும். உறிஞ்சல் 1-க்கு மேல் இருந்தால் நீர்த்துவிட்டு எடுங்கள்.

400 நானோமீட்டரில் உள்ள உறிஞ்சல் இன்னொரு விதத்தில் உதவும். ஒரு சென்டிமீட்டர் கியூவெட்டில் அது 1.2 என்றால் கரைசலில் தங்கம் ஏறக்குறைய 0.5 மில்லிமோலார். ஒவ்வொரு கழுவலிலும் எவ்வளவு தங்கம் காணாமல் போகிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

## அறிகுறி 1: செய்த அன்றே ஊதா, கருப்பு, அல்லது அடியில் கறுப்புத் தூள்

ஆன்டிபாடி, பெக் எதுவும் இன்னும் சேரவில்லை என்றால் காரணங்கள் குறைவு. முதலில் கண்ணாடிப் பாத்திரம். பழைய தங்கம் ஒட்டியிருந்தால் புதுத் துகள்கள் அதன்மேல்தான் வளரும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் கலந்த இராஜ திராவகத்தில் கழுவி, பிறகு சுத்த நீரில் பல முறை அலசுங்கள். கிளறும் காந்தத்தையும் சேர்த்துக் கழுவ வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இராஜ திராவகத்தை ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும் கலக்குங்கள். மூடிய பாட்டிலில் வைக்கவே கூடாது. அசிட்டோன், ஆல்கஹால் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அடுத்து தண்ணீர், அதற்கடுத்து சிட்ரேட்டின் அளவு. சிட்ரேட் குறைந்தால் துகள் பெரிதாகும், ஒரே அளவாகவும் வராது. கடைசியில் தங்க உப்பு. குளோரோ ஆரிக் அமிலம் ஈரத்தை இழுக்கும். பாட்டிலைத் திறந்து நாளாகி, உள்ளே கசிந்து பசையாக இருந்தால் எடை போடுவதில் அர்த்தமில்லை. புதிய பாட்டிலை மொத்தமாகக் கரைத்து, இருண்ட கண்ணாடிக் குப்பியில் இருப்புக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். உலோகக் கரண்டி அதில் படக் கூடாது.

## அறிகுறி 2: பஃபர் ஊற்றியதும் நீலம்

சிட்ரேட் துகளில் பிபிஎஸ் (உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர்) ஊற்றினால் நீலமாகத்தான் செய்யும். அது பழுது இல்லை. சிட்ரேட் துகள்களை விலக்கி வைத்திருப்பது எதிர்மின்னூட்டம் மட்டும்தான். பிபிஎஸ்ஸில் சோடியம் குளோரைடே 137 மில்லிமோலார் இருக்கிறது, அந்த உப்பில் மின்னூட்டத்தின் கை ஒரு நானோமீட்டர்கூட நீளாது. பெக்கோ புரதமோ பூசாத துகளை உப்பில் போடாதீர்கள்.

பெக் பூசிய பிறகும் நீலமாகிறது என்றால், பூச்சு முழுதாக ஏறவில்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

நேரம் போதவில்லையா? பெக் சேர்த்து ஒரு மணி நேரத்தில் கழுவியிருந்தால், மீதமுள்ள சிட்ரேட் கரைசலில் மறுபடி செய்து இரவு முழுக்க விடுங்கள்.

பெக் போதவில்லையா? மூன்று குழாய்களில் இப்போதைய அளவு, இரு மடங்கு, ஐந்து மடங்கு என்று சேர்த்து, மறுநாள் உப்பு கலந்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். அளவு கூடக் கூடச் சரியாகிறது என்றால் காரணம் தெரிந்துவிட்டது.

அளவைக் கூட்டியும் பயனில்லையென்றால் தங்கத்தைப் பிடிக்கும் பெக்கின் தயோல் (கந்தக) முனை ஆக்சிஜனேற்றம் அடைந்து இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டிருக்கலாம். வெளியே எடுத்து வைத்துத் திறந்து திறந்து பயன்படுத்திய குப்பியில் இது அடிக்கடி நடக்கும். எல்மன் கரணியைச் சேர்த்து 412 நானோமீட்டரில் பார்த்தால் உயிரோடு இருக்கும் தயோல் எவ்வளவு என்று தெரியும். குறைவாக இருந்தால் புதுக் குப்பி வாங்குங்கள். வந்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து, நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

இங்கே ஒரு பரவலான தவறான புரிதல் இருக்கிறது. சீட்டா மின்னழுத்தம் (துகள் மேற்பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் அளவு) மைனஸ் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டியிருந்தால்தான் நிலையானது என்ற விதியைப் பெக் பூசிய துகளுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். பெக் விலக்குவது இடத்தை அடைத்துக்கொண்டு, மின்னூட்டத்தால் இல்லை. நல்ல பெக் பூச்சில் சீட்டா பூஜ்யத்தை நோக்கி வருவது நல்ல அறிகுறி.

## அறிகுறி 3: ஆன்டிபாடி சேர்க்கும்போதே திரிகிறது

எந்த வழியில் ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது இரண்டாகப் பிரியும்.

### சிட்ரேட் துகளில் நேரடியாக ஆன்டிபாடி ஒட்டவிடும்போது

முதலில் ஆன்டிபாடி குப்பியோடு வந்த தாளைப் படியுங்கள். உள்ளே சோடியம் அசைடு, அல்புமின், கிளிசரால், டிரிஸ் என்று ஏதாவது இருக்கும். உப்பு துகளைத் திரிக்கும், அல்புமின் ஆன்டிபாடிக்கான இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். உப்பு நீக்கும் குழலிலோ 30 கிலோடால்டன் வடிகட்டியிலோ போட்டு, 5 முதல் 10 மில்லிமோலார் போரேட்டுக்கோ பாஸ்பேட்டுக்கோ மாற்றுங்கள். வடிகட்டி அல்புமினை நீக்காது என்பதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் அதுவும் 66 கிலோடால்டன் எடை. அல்புமின் கலக்காத ஆன்டிபாடியாகக் கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்து பிஎச். ஆன்டிபாடியின் சமமின் புள்ளியை (அதன் மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஎச்) விட அரை அலகு மேலே தங்கக் கரைசல் இருக்க வேண்டும். 0.1 மோலார் பொட்டாசியம் கார்பனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்யுங்கள். பிஎச் மீட்டரின் மின்முனையை நேரடியாகச் சிட்ரேட் தங்கத்தில் விட்டால் தங்கம் அதன் துளையில் படிந்து மின்முனை கெட்டுவிடும். பிஎச் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், போதும்.

அப்புறம் அளவு. இதற்குப் பழைய உப்புச் சோதனையை விட நல்ல வழி நான் பார்த்ததில்லை. பத்துச் சிறு குழாய்களில் ஒவ்வொரு மில்லிலிட்டர் தங்கம் ஊற்றுங்கள். ஆன்டிபாடியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றிச் சேர்த்து, பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொன்றிலும் நூறு மைக்ரோலிட்டர் பத்து சதவீத உப்புக் கரைசலை விடுங்கள். வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்த்தால், ஆன்டிபாடியே இல்லாத குழாய் அந்தக் கணமே சாம்பல் நீலமாகும். அடுத்தவை ஊதா, அதற்கடுத்தது செம்பருத்திச் சாறு நிறம், பிறகு ஒரு குழாயிலிருந்து நிறம் அசையாமல் சிவப்பாகவே நிற்கும். அந்தக் குழாயின் அளவோடு பத்து முதல் இருபது சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே முடிந்துவிடும். பத்துக் குழாயும் நீலமானால் பிஎச் தவறு, இல்லையென்றால் ஆன்டிபாடிக் கரைசலில் உப்பு இன்னும் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் ஊற்றும் இடத்தில் மட்டும் ஊதாக் கீற்று வருகிறதா? செறிவான ஆன்டிபாடி ஒரே இடத்தில் விழுந்து, ஒரு மூலக்கூறு இரண்டு துகளைப் பிடித்துக்கொள்கிறது. தங்கத்தைச் சுழற்றிக்கொண்டே ஆன்டிபாடியை ஒரே மூச்சில் விடுங்கள், அல்லது முன்கூட்டியே நீர்த்து விடுங்கள்.

### கார்பாக்சில் பெக்கில் ஈடிசி போட்டு இணைக்கும்போது

ஈடிசி என்பது பெக்கின் கார்பாக்சிலையும் ஆன்டிபாடியின் அமீனையும் பிணைக்க உதவும் வேதிப்பொருள். அதன் அளவுதான் முதல் சந்தேகம். துகளை விலக்கி வைத்திருக்கும் எதிர்மின்னூட்டமுள்ள கார்பாக்சில்களையே ஈடிசி பிடித்துக்கொள்கிறது. அதிகம் போட்டால் மின்னூட்டம் போய், துகள்கள் ஒட்டிவிடும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். ஈடிசிக்குத் துணையாகச் சாதாரண என்எச்எஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் சல்ஃபோ-என்எச்எஸ்ஸுக்கு மாறுங்கள், அதன் சல்ஃபோனேட் இழந்த மின்னூட்டத்தை ஈடுகட்டும். பூச்சில் எல்லாமே கார்பாக்சில் பெக்காக இருக்கத் தேவையில்லை. பெரும்பகுதி மெத்தாக்சி பெக், சிறுபகுதி கார்பாக்சில் பெக் என்று கலந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

திரியவில்லை, ஆனால் ஆன்டிபாடியும் ஏறவில்லை என்றால் காலதாமதத்தைச் சந்தேகியுங்கள். என்எச்எஸ் எஸ்டரின் அரை ஆயுள் பிஎச் 7-இல், பூஜ்ய டிகிரியில் நாலைந்து மணி நேரம். பிஎச் 8.6-இல், 4 டிகிரியில் பத்தே நிமிடம். துகளைச் செயலூட்டிவிட்டு, சென்ட்ரிபியூஜில் அரை மணி நேரம் சுழற்றி, சாப்பிட்டுவிட்டு வந்து ஆன்டிபாடி சேர்த்தால் ஏற ஒன்றும் மிச்சமிருக்காது. டிரிஸ், கிளைசின் பஃபர்களில் இருக்கும் அமீன் ஆன்டிபாடியோடு போட்டி போடும், இணைப்பு முடியும்வரை அவை அருகில் வரக் கூடாது. ஈடிசி குப்பியை மைனஸ் 20-இலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரவிடாமல் திறந்தால் ஈரம் உள்ளே படிந்து அடுத்த வாரம் அது வேலை செய்யாது.

எப்போது உதவி கேட்பது: அளவு, பிஎச், பஃபர் மூன்றையும் மாற்றிப் பார்த்தும் புது ஆன்டிபாடி திரிந்துகொண்டே இருந்தால், சமமின் புள்ளியையும் கொத்தாகியிருக்கிறதா என்பதையும் புரதவியல் ஆய்வகத்தில் கேளுங்கள். ஆன்டிபாடியே குப்பியில் கொத்தாகியிருந்தால் தங்கத்தின் பக்கம் என்ன செய்தாலும் பயனில்லை.

## அறிகுறி 4: சுழற்றிய பிறகு பெல்லட் கலையவில்லை

பெல்லட்டின் முகத்தைப் பாருங்கள். அடியில் எண்ணெய்த் துளி மாதிரி ஆடும் கருஞ்சிவப்புத் துளி என்றால் நல்லது, பைப்பெட்டில் இரண்டு முறை இழுத்துவிட்டால் கலையும். சுவரில் பூசினாற்போல் கறுப்பாகப் பளபளத்தால் துகள்கள் அழுந்தி ஒட்டிவிட்டன.

வேகத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. 20 நானோமீட்டருக்கு 6,500 ஜி (புவியீர்ப்பின் மடங்கு), 40 நானோமீட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் ஜி, அரை மணி நேரம் என்று தொடங்குங்கள். பெக் பூசியது கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். மேல் நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் அதை இன்னொரு முறை சுழற்றலாம், ஒரேயடியாக வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. சென்ட்ரிபியூஜைக் குளிர வைத்துக்கொள்ளுங்கள், நின்றதும் உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, கலைக்கும் திரவம். வெறும் தண்ணீரிலோ பிபிஎஸ்ஸிலோ கலைக்காமல், 0.05 சதவீதம் ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) சேர்த்த நீர்த்த பஃபரில் கலையுங்கள். குழாயின் சுவரில் இளஞ்சிவப்புப் படலம் நின்றால் துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டுகிறது, புரதம் ஒட்டாத வகைக் குழாய்க்கு மாறுங்கள். குளியல் வகை சோனிக்கேட்டரில் சில விநாடிகள் வைக்கலாம். குச்சி வகை சோனிக்கேட்டரை ஆன்டிபாடி ஏற்றிய துகளில் விடாதீர்கள், நிறம் திரும்பினாலும் ஆன்டிபாடி திரும்பாது.

## அறிகுறி 5: நீர்த்த நிலையில் நன்று, செறிவூட்டினால் திரிகிறது

சிடி ஸ்கேனுக்குத் தயாரிப்பவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். தங்கம் எக்ஸ்-கதிரை நன்றாக உறிஞ்சும், அதன் கே விளிம்பு (உறிஞ்சல் திடீரென ஏறும் ஆற்றல்) 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது, வழக்கமான சிடி சாயத்தில் உள்ள அயோடினுக்கு அது 33.2. ஆனால் சிடி கருவியின் கண் மந்தம். படத்தில் வேறுபாடு தெரிய, இலக்கு இடத்தில் மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தங்கம் சேர வேண்டும். வழக்கமான 0.25 மில்லிமோலார் சிட்ரேட் கரைசலில் இருப்பதோ மில்லிலிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். ஊசியில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஆயிரம் மடங்கு சுருக்க வேண்டும்.

ஆகவே சிட்ரேட் நிலையில் சுருக்காதீர்கள். பெக் பூசி, உப்புச் சோதனையில் தேறிய பிறகு சுருக்குங்கள். ஒரே மூச்சில் ஆயிரம் மடங்கு வேண்டாம், பத்துப் பத்து மடங்காகப் போய், ஒவ்வொரு நிலையிலும் ஒரு துளியை எடுத்து நீர்த்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 650/உச்சி விகிதம் எந்தப் படியில் ஏறுகிறதோ அந்தப் படியில்தான் பிரச்சினை. சுழற்றிச் சுருக்கும்போது ஏறினால் வேகம் அல்லது பூச்சு. வடிகட்டியில் சுருக்கும்போது ஏறினால் சவ்வில் படிகிறது, வேறு சவ்வுக்கு மாறுங்கள். செறிந்த கரைசல் கிட்டத்தட்ட கறுப்பாகத்தான் தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நீர்த்ததும் சிவப்பு திரும்புகிறதா என்பதே கேள்வி.

## அறிகுறி 6: குளிர்சாதனப் பெட்டியில் நாளாக நாளாக மாறுகிறது

அடியில் சிவப்பாகப் படிந்து, ஆட்டினால் பழையபடி கலைந்துவிடுகிறதா? 40, 60 நானோமீட்டர் துகள் தன் எடையால் இறங்குவது இயல்பு. ஆட்டிவிட்டு ஸ்பெக்ட்ரம் எடுங்கள், கோடு பழையதோடு பொருந்தினால் வேலையைத் தொடருங்கள்.

ஆட்டியும் கலையாவிட்டால் பெட்டி உறைந்ததா என்று பாருங்கள். பின்சுவரை ஒட்டி வைத்த குழாய்கள் உறைந்துவிடுவது உண்டு. பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காமல் ஒருமுறை உறைந்த கரைசலை மீட்க வழியில்லை.

வெண்மையாகப் பஞ்சு மிதந்தால் பூஞ்சை. சிட்ரேட் அதற்கு நல்ல உணவு. கொட்டிவிடுங்கள், வடிகட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். விலங்கில் செலுத்தப் போகும் கரைசல் என்றால், கூடவே வளர்ந்த பாக்டீரியா செத்தாலும் அதன் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் உறையில் உள்ள நச்சு) அங்கேயே இருக்கும். அடுத்த முறை 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக, கிருமிநீக்கிய குப்பியில் எடுத்துவையுங்கள்.

நிறம் மாறவில்லை, ஆனால் ஒட்டும் திறன் வாராவாரம் குறைகிறது என்றால் ஆன்டிபாடி மெல்லக் கழன்று வருகிறது. துகள்களைச் சுழற்றி இறக்கிவிட்டு மேல் நீரில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று டாட் பிளாட் (சவ்வில் ஒரு சொட்டு வைத்துப் புரதத்தைக் கண்டறியும் சோதனை) போட்டுப் பாருங்கள். இருந்தால், ஒற்றைத் தயோலுக்குப் பதில் லிப்போயிக் அமிலம் போல இரண்டு கந்தகத்தால் பிடிக்கும் முனையுள்ள பெக்கை யோசியுங்கள்.

## அறிகுறி 7: செல் வளர்ப்பு மீடியத்தில் ஊற்றியதும் நிறம் மாறுகிறது

முதலில், அது உண்மையிலேயே மாறியதா? மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் 560 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், தங்கத்தின் உச்சியை ஒட்டியே நிற்கும். ஃபீனால் ரெட் இல்லாத மீடியத்தில் போட்டு, அதே மீடியத்தை வெற்று அளவீடாக வைத்துப் பாருங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே திரிந்தால், சீரம் உள்ள மீடியத்திலும் சீரம் இல்லாத மீடியத்திலும் தனித்தனியாகப் போடுங்கள். சீரம் இல்லாததில் மட்டும் திரிந்தால் உப்புதான் காரணம், அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். இரண்டிலும் திரிந்தால் பூச்சு மிகவும் பலவீனம். சீரம் உள்ளதில் மட்டும் திரிந்தால் சீரப் புரதங்கள் துகள்களைக் கோக்கின்றன, பெக்கின் அடர்த்தியைக் கூட்டுங்கள்.

திரியாமல், டிஎல்எஸ் (ஒளிச்சிதறலை வைத்துத் துகளின் விட்டத்தை அளக்கும் முறை) காட்டும் அளவு மட்டும் கூடினால் புரதம் போர்த்திக்கொண்டது. ஆனால் டிஎல்எஸ் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால் ஒரு தூசுத் துணுக்கு மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும், சீரத்தின் புரதங்களே தனியாக ஒரு மேடு காட்டும். கருவியின் மேலேயே சந்தேகம் என்றால் அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 8011, 8012, 8013 எண் கொண்ட 10, 30, 60 நானோமீட்டர் தங்க மேற்கோள் பொருட்களில் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

சீரச் சோதனை என்னவென்றால்: பாதிக்குப் பாதி சீரம், 37 டிகிரி, 24 மணி நேரம். அதற்குப் பிறகு சுழற்றிக் கழுவி, ஸ்பெக்ட்ரம் எடுத்து, அப்படியே செல்லின்மேல் போட்டு ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். இந்தக் கடைசிப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

## அறிகுறி 8: சிவப்பு, அளவு, சீட்டா எல்லாம் சரி; செல்லில் ஒட்டவில்லை

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த அறிகுறிதான்.

செல்லைப் பாருங்கள். துகளைக் குறை சொல்வதற்கு முன், அதே ஆன்டிபாடியைத் தனியாக, ஒளிரும் சாயத்தோடு, அதே செல்லில் போடுங்கள். ஏ431 போன்ற இஜிஎஃப்ஆர் நிறைந்த செல் நன்றாகப் பிடிக்க வேண்டும், ஏற்பி குறைந்த எம்சிஎஃப்-7 மங்கலாக இருக்க வேண்டும். பல தலைமுறை தாண்டிய செல்லில் ஏற்பி குறைந்திருக்கலாம். தனி ஆன்டிபாடியே ஒட்டாவிட்டால் பிரச்சினை தங்கத்தில் இல்லை.

கழுவல் போதுமா? துகளில் ஏறாமல் கரைசலில் மிதக்கும் ஆன்டிபாடி, துகளை விட எவ்வளவோ சிறியது, வேகமாகப் போய் ஏற்பிகளை எல்லாம் பிடித்துவிடும். துகள் வந்து சேரும்போது இடம் இருக்காது. கடைசிக் கழுவல் நீரில் புரதம் தென்படாத வரை கழுவுங்கள். மூன்று முறை என்பது குறைந்தபட்சம்.

ஆன்டிபாடி ஏறியிருக்கிறதா? துகளில் ஒட்டிய ஆன்டிபாடியை, பெராக்சிடேஸ் இணைத்த இரண்டாம் ஆன்டிபாடியால் கண்டுபிடியுங்கள். ஆன்டிபாடி சேர்க்காமல் மற்ற எல்லாம் செய்த துகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரும் நிறத்துக்குப் பொருள் இல்லை. பிராட்ஃபோர்டு சோதனையைத் துகளின்மேல் நேரடியாகச் செய்யாதீர்கள், தங்கத்தின் நிறம் குறுக்கிடும். மேல் நீரில் மிஞ்சியதை அளந்து கழித்துக்கொள்ளலாம்.

ஏறியிருந்தும் பெக்கின் நீளத்தில் மறைந்திருக்கிறதா? ஆன்டிபாடியைப் பிடித்திருக்கும் பெக் 2,000 டால்டன், சுற்றியிருக்கும் மெத்தாக்சி பெக் 5,000 என்றால் ஆன்டிபாடி புதருக்குள் நிற்கிறது. தாங்கும் பெக் நீளமாகவும் சுற்றியுள்ள பெக் குட்டையாகவும் இருக்க வேண்டும்.

தலைகீழாக ஏறியிருக்கிறதா? ஈடிசி முறையில் ஆன்டிபாடியின் எந்த அமீன் பிடிபடும் என்று சொல்ல முடியாது. பிடிக்கும் முனையே பெக்கில் சிக்கிவிடலாம். ஆன்டிபாடியின் பிடிக்காத அடிப்பகுதியான எஃப்சி பகுதியில் இருக்கும் சர்க்கரையைப் பெர்அயோடேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்து, ஹைட்ரசைடு பெக் வழியாகப் பிடித்தால் பிடிக்கும் முனைகள் வெளியே பார்க்கும். வேலை அதிகம், ஆனால் இதே ஆன்டிபாடியை வைத்துப் பல மாதம் ஓடப் போகிறீர்கள் என்றால் செய்யத்தக்கது.

சீரத்தில் மட்டும் ஒட்டவில்லையா? 2013-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் குழு, டிரான்ஸ்ஃபெரின் (செல் ஏற்பியைப் பிடிக்கும் ஒரு புரதம்) ஏற்றிய சிலிக்கா நானோத்துகளில் இதைக் காட்டியது. சீரப் புரதம் மேலே போர்த்தியதும் துகள் தன் இலக்கை அடையாளம் காணும் திறனை இழந்துவிட்டது, துகளோ சிதையாமல் அப்படியே இருந்தது. தங்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சும்மா ஒட்டவைத்த ஆன்டிபாடியைச் சீரப் புரதங்கள் இடம்பெயர்க்கவும் செய்யும். 2005-இல் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த எல்-சயீத் குழு வாய்ப் புற்றுநோய் செல்களை இருள்புல நுண்ணோக்கியில் தங்கத்தால் ஒளிரவைத்தது கிண்ணத்தில் இருந்த செல்லில். கிண்ணத்து வேலைக்கு நேரடி ஒட்டுதல் நன்றாகவே போதும். இரத்தத்துக்குள் போகிற துகளுக்கு வேதிப்பிணைப்பும் அடர்ந்த பெக்கும் வேண்டும்.

எந்த முடிவுக்கும் முன் மூன்று ஒப்பீடுகள் கையில் இருக்கட்டும். ஆன்டிபாடி இல்லாத பெக் துகள், சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஏற்றிய துகள், தனி ஆன்டிபாடியால் ஏற்பியை முன்கூட்டியே அடைத்த செல். இந்த மூன்றிலும் ஒட்டல் குறைந்து, உங்கள் துகளில் மட்டும் கூடினால்தான் அது இலக்கு நோக்கிய ஒட்டல். திரிந்த துகள் செல்லின்மேல் தானாகப் படியும், நுண்ணோக்கியில் அருமையாக ஒளிரவும் செய்யும். அந்தப் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

எப்போது உதவி கேட்பது: ஒரு செல்லுக்கு எத்தனை துகள் என்று எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் ஐசிபி-எம்எஸ் (தங்கத்தின் அளவை மிக நுணுக்கமாக அளக்கும் கருவி) தேவை. ஒட்டியவை தனித்தனியா கொத்தா என்று தெரிய செல்லின் மெல்லிய வெட்டுத் துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அதை வெட்டவும் கைதேர்ந்தவர் வேண்டும். பல்கலைக்கழகங்களிலும் சென்னை ஐஐடியின் சைஃப் போன்ற பொதுக் கருவி மையங்களிலும் இத்தகைய கருவிகளுக்குக் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தங்கத்தை ஐசிபிக்குக் கொடுக்கும்போது இராஜ திராவகத்தில் முழுதாகக் கரைத்துத்தான் தர வேண்டும். நைட்ரிக் அமிலம் மட்டும் தங்கத்தைக் கரைக்காது.

## அறிகுறி 9: தங்கத் தண்டில் ஒளி-ஒலிப் படம் தொடக்கத்தில் பளிச், பிறகு மங்கல்

ஒளி-ஒலிப் படத்தில், லேசர் துடிப்பு பட்டுச் சூடாகும் துகள் எழுப்பும் ஒலியை வைத்துப் படம் எடுக்கிறோம். அந்தத் துடிப்பு லேசரின் சூட்டில் தண்டுகள் உருகி உருண்டையாகின்றன. லேசருக்கு முன்னும் பின்னும் ஸ்பெக்ட்ரம் எடுங்கள். 800 பக்கம் இருக்கும் நெடுக்கு உச்சி தேய்ந்து, 520 வளர்ந்திருந்தால் அதுதான். லேசரின் ஆற்றலைக் குறைப்பது செலவில்லாத வழி. போதாவிட்டால் சிலிக்கா உறை போடுங்கள், அது உருவத்தைத் தாங்கும்.

தண்டில் இன்னொன்று. அதைத் தாங்கி நிற்பது சிடேப் என்னும் சோப்பு போன்ற வேதிப்பொருள். குளிர்ந்தால் சிடேப் வெண்படிகமாக இறங்கும், இளஞ்சூட்டில் வைத்தால் கரையும், அது பழுதில்லை. அதிகம் கழுவினால் தண்டுகள் ஒட்டும், குறைவாகக் கழுவினால் மிச்ச சிடேப் செல்லைக் கொல்லும். பெக்கை ஏற்றிக்கொண்டே படிப்படியாகச் சிடேப்பை அகற்றுவதுதான் வழி.

## அறிகுறி 10: கிண்ணத்தில் எல்லாம் சரி, எலியில் கட்டி தெரியவில்லை

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். 2016-இல் டொராண்டோவின் வாரன் சான் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோத்துகளில் கட்டியை அடைந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம். பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். கட்டியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் துகள் கெட்டது என்று சொல்ல முடியாது, கருவியின் உணர்திறனுக்கு அது போதவில்லை என்றும் இருக்கலாம்.

துகளைச் சோதிக்க, செலுத்திய சில நிமிடங்களிலும் சில மணி நேரத்திலும் எடுத்த இரத்தத்தில் எவ்வளவு தங்கம் மிச்சம் என்று பாருங்கள். முதல் அளவீட்டிலேயே காணாமல் போயிருந்தால் துகள்கள் இரத்தத்தில் கொத்தாகிவிட்டன, அல்லது பெக் போதவில்லை. அறிகுறி 7-இன் சீரச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மணிக்கணக்கில் சுற்றியும் கட்டியில் இல்லை என்றால், அறிகுறி 8-இல் உள்ள சீரத்துக்குப் பிந்தைய ஒட்டலைப் பாருங்கள். அதில் தேறிய பிறகுதான் துகளின் விட்டத்தையும் செலுத்தும் தங்கத்தின் மொத்த அளவையும் மாற்ற வேண்டும்.

இந்த அறிகுறியில் தனியாக நின்று போராடாதீர்கள். விலங்குப் பரிசோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், மருந்தளவை மாற்றினாலும் மறுபடி கேட்க வேண்டும். எண்டோடாக்சின் சோதனையில் தங்கத்தின் நிறம் குறுக்கிடுவதால் அதை அறிந்தவர்களிடம் கொடுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2004-இல் தொடங்கிய நானோ பண்பறி ஆய்வகம் இந்தச் சோதனைகளுக்கான நெறிமுறைகளைப் பொதுவில் வைத்திருக்கிறது, உள்ளூர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது அதைக் காட்டி அதன்படி செய்யச் சொல்லலாம். மாதிரியோடு, தொடக்கத்தில் தனியே எடுத்துவைத்த ஒவ்வொரு படியின் ஸ்பெக்ட்ரத்தையும் கொடுத்து அனுப்புங்கள். எந்தப் படியில் மாறியது என்று தேடும் வேலை அவர்களுக்கு மிச்சமாகும்.